நெல்லைச் சீமையில் பீடித்தொழிலும் மகளிரும்

சிற்றூர் மகளிரின் தொழிலை ஆராய்வோர் சமூகம், பொருளாதாரம், சமயம் என மூன்றையும் தனித்தனியே நிறுத்திக் காண்பர். நெல்லை, தென்காசி மாவட்டங்களின் பீடித்தொழிலை உற்றுநோக்கின், அம்மூன்றும் ஒரே சுளவில் கிடப்பதைக் காண்கின்றோம்.

கடையநல்லூர், மேலப்பாளையம் முதலிய ஊர்களில் முற்காலத்தில் கைத்தறியே பல குடும்பங்களைக் காத்தது. தறி நலிந்தபோது ஆடவர் பலர் பிழைப்பு நாடி வெளியூர் சென்றனர். பெண்டிர் கைக்குப் பீடி வந்து சேர்ந்தது. கடையில் இலையும் தூளும் பெற்று, இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டுதல் வேண்டும். கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கணக்கு. தரமில்லை எனக் கழிக்கப்பட்டவற்றுக்குச் சுற்றிய உழைப்பு வீணே.

முஸ்லிம் பெண்கள் கோஷா காரணமாகவே வீட்டிலிருந்து பீடி சுற்றுகின்றனர் என்பது பலரும் கூறும் விளக்கம். இஃது அரைகுறை விளக்கம் என்பது நம் கருத்து. ஆலங்குளம், முக்கூடல் வட்டாரங்களில் கோஷா வழக்கமில்லாத இந்துப் பெண்களும் திண்ணையில் அமர்ந்தே சுற்றுகின்றனர். பெண் வீட்டிலிருந்தால் முதலாளிக்குக் கொட்டகை வேண்டா. விளக்குச் செலவும் வேண்டா. சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே செய்யப்படுவதால் இல்லத்தாரும் அதனை வேலையாக எண்ணுவதில்லை. சமயத்தின்மீது ஏற்றிக் கூறப்படுவதில் பெரும்பங்கு இந்த ஆதாயமே.

சமயம் கூறுவதுதான் யாது? பெண் ஈட்டியதில் அவளுக்குப் பங்குண்டு என்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம். குடும்பத்தைப் பேணும் கடமை கணவனுடையது. மனைவியின் வருவாய் அவளது உடைமை என்பதே மார்க்கச் சட்ட நூல்களின் நிலை. அன்னை கதீஜா (ரலி) வணிகம் நடத்திய செய்தியை மீலாத் மேடைதோறும் கேட்கின்றோம். நம் தெருவின் கூலிப் புத்தகத்தைப் பற்றி மட்டும் அம்மேடைகளில் பேச்சில்லை.

அப்புத்தகமோ தலையாயது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. வருங்கால வைப்பு நிதி அவர்க்கும் உரியதென 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் புத்தகத்தில் பெயர் இல்லாதவளுக்கு இவற்றால் பயன் யாது? தாயின் பெயரிலுள்ள புத்தகத்துக்கு மகளும் மருமகளும் சேர்ந்து சுற்றுகின்றனர். இரவு நெடுநேரம் சுற்றும் குமரி, ஏட்டில் இல்லாதவளாகவே முதுமை எய்துகிறாள்.

மஹர் தொகையைப் பதிவேட்டில் தவறாது எழுதும் ஜமாஅத்துகள், வீட்டில் சுற்றுபவள் எவள், புத்தகத்தில் உள்ள பெயர் எவருடையது என்றும் கேட்டெழுதலாம். அவ்வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவ மாணவியரே தத்தம் தெருவில் இக்கணக்கெடுப்பைத் தொடங்க இயலும்.