சிறையினின்று மீண்டவர்க்குக் குடியிருப்பு: சங்கத்தார்க்கு ஒரு பாடம்

கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடன் கேட்டு வரும் மனு ஒவ்வொன்றிலும் பஞ்சாயத்தார் முதலில் கவனிக்கும் சங்கதிகள் மூன்று. மனுதாரர் யார்? எங்கே குடியிருக்கிறார்? அவருக்கு ஜாமீன் நிற்பவர் யார்? நிலமும் மாடும் இல்லாதவருக்கும் இம்மூன்றும் திருப்தியாயிருப்பின் கடன் கிடைத்துவிடும். சிறைவாசம் முடிந்து வெளிவருபவருக்கோ இவற்றுள் முதலாவது மட்டும் கெட்ட பெயராக மிஞ்சியிருக்கிறது. மற்ற இரண்டும் அற்றுப்போயிருக்கின்றன. அவ்விரண்டையும் சங்கத்தார் எவ்வாறு உண்டாக்கித் தரலாம் என்பதே இப்பாடத்தின் விஷயம். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னைப் பட்டணத்தைச் சேர்ந்தவை. கிராமத்திலிருந்து பிழைப்பை நாடிப் பட்டணம் போனவரே பலர் இந்நிலைக்கு ஆளாவதால், கிராமச் சங்கத்தார்க்கும் இது அந்நிய விஷயமன்று.

சென்ட்ரல் ரயில் நிலையத்தினருகே 1837-ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த மத்திய சிறைச்சாலை 2006-ஆம் ஆண்டில் மூடப்பட்டு, கைதிகள் நகரின் வடபுறத்திலுள்ள புழலுக்கு மாற்றப்பட்டனர். சிறை இடம் மாறியதேயன்றி, அதன் வாயிலில் மூட்டையுடன் வந்து நிற்பவரின் நிலை மாறவில்லை. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டை முன்னிட்டு, தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்து 1,405 ஆயுள் கைதிகள் ஒருங்கே விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் வீடு காத்திருக்கப் பெற்றவர் பாக்கியசாலிகள்.

சட்டம் விலாசத்தைக் கேட்கிறது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். 1898-ஆம் ஆண்டுக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 565-ஆம் பிரிவின்படியும், பின்னர் வந்த 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 356-ஆம் பிரிவின்படியும், குறிப்பிட்ட சில குற்றங்களுக்காக மறுபடியும் தண்டிக்கப்பட்டவர் விடுதலைக்குப் பின் 5 வருஷம் வரையில் தம் இருப்பிடத்தையும் அதன் மாறுதலையும் தெரிவித்துவர வேண்டுமென நீதிமன்றம் உத்தரவிட இடமிருந்தது. இருப்பிடத்தைத் தெரிவி என்று சொல்லும் உத்தரவு, இருப்பிடத்தைத் தருவதில்லை. இரவில் நடைபாதையில் படுத்திருப்பவர் எந்த விலாசத்தை எழுதிக்கொடுப்பார்? பழகிய குற்றவாளியைக் குறிக்கப் போலீஸ் பதிவேட்டில் இட்ட இரண்டு ஆங்கில எழுத்துக்களே தமிழில் 'கேடி' என்று வசைச்சொல்லாகிவிட்டன. பதிவேட்டில் ஏறிய எழுத்து தெருவார் வாயிலும் ஏறிவிட்டால் வாடகைக்கு வீடு அகப்படுவது எவ்வாறு என்பதைப் படிப்பவரே ஊகிக்கலாம்.

குற்றத்தின் தன்மையே இதற்கெல்லாம் காரணம் என்று எண்ணுவோர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை நோக்குக. களவோ கொலையோ செய்தவரல்லர். சுதேசிக் கப்பல் விட்டவர். 1908-ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டு, கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்து, பின் கண்ணனூர்ச் சிறையிலிருந்து 1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளிவந்தார். அதற்குள் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சொந்த ஜில்லாவுக்குத் திரும்ப இயலாமல் சென்னைக்கு வந்து, சிந்தாதிரிப்பேட்டையிலும் பெரம்பூரிலும் குடியிருந்து, மளிகை வியாபாரம் முதலியன செய்து பார்த்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. அவருக்கென்று தென்னாப்பிரிக்காவிலிருந்த இந்தியர்கள் சேர்த்துக் கொடுத்த பணம், காந்தியடிகளுடன் நெடுநாள் கடிதப் போக்குவரத்து நடந்த பின்பே, 1916-ஆம் ஆண்டில் அவர் கைக்கு வந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. நாடறிந்த ஒருவருக்கு, அதுவும் அபிமானிகள் கடல் கடந்தும் இருந்த ஒருவருக்கு, இந்தப் பாடு. பின்னர் வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. 1908-இல் அவர் வழக்கை முதலில் விசாரித்த அதிகாரியும் இவரே. நன்றியறிதலாகப் பிள்ளையவர்கள் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அவர் கோவிற்பட்டியில் மறுபடியும் வக்கீலாக அமர்ந்தது அதன் பின்னரே. தனவந்தர் பலர் இருந்தும், தம் பெயரை முன்வைத்து இவருக்காகச் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க.

சர்க்கார் இவ்விஷயத்தில் வாளாவிருந்ததாகவும் சொல்வதற்கில்லை. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த சர் அலெக்சாண்டர் கார்டியூ என்பவரின் தலைமையில் 1919-20-இல் கூடிய இந்தியச் சிறைக் கமிட்டியார், விடுதலையானோர்க்கு உதவி செய்தலும் சிறை நிர்வாகத்தின் கடமையே என்று வற்புறுத்தினர். விடுதலையான கைதிகளின் உதவிச் சங்கங்கள் ஏற்பட்டன. 1936-ஆம் ஆண்டில் நன்னடத்தைச் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. இவற்றின் வழியாகத் தொழிற்கருவி, சிறு முதல் முதலியவை கிடைப்பதுண்டு. தள்ளுவண்டி கிடைத்தாலும் அதை இரவில் நிறுத்த ஓர் இடம் வேண்டுமே! ஐக்கிய நாடுகள் சபையார் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளுள் 108-ஆவது, விடுதலையாவோர்க்கு அடையாளப் பத்திரங்களும், தகுந்த வீடும், வேலையும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டுமென்கிறது. வேலைக்கு முன்னே வீட்டை வைத்துச் சொல்லியிருப்பது சரியான வரிசை.

அதே டிசம்பர் மாதத்தில்தான் அடையாறு கரைபுரண்டு சென்னை வெள்ளக்காடாயிற்று. அதன் பின் ஆற்றங்கரைக் குடிசைவாசிகள் பலர் நகருக்குத் தெற்கேயுள்ள பெரும்பாக்கம் முதலிய இடங்களின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். இதை வைத்து ஓர் உதாரணம் அமைத்துக்கொள்ளலாம். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து சிறைக்குப் போனவர் ஒருவர் 8 வருஷம் கழித்துத் திரும்புகிறார். குடிசை இருந்த இடத்தில் வேலி நிற்கிறது. மனைவியும் பெண்ணும் பெரும்பாக்கத்தில் நான்காம் மாடியில் ஒற்றை அறையில், மாமியாருடன் இருக்கின்றனர். குடும்ப அட்டையில் அவர் பெயர் இல்லை. முன்னே மயிலாப்பூர் மாட வீதியருகே காய்கறி மூட்டை இறக்கிப் பிழைத்தவர். அவ்வேலை விடியுமுன் தொடங்குவது. பெரும்பாக்கத்திலிருந்து அவ்விடம் 20 கிலோமீட்டர் அளவு. ஆகவே மயிலாப்பூரிலேயே தலைசாய்க்க ஓர் அறை வேண்டும். 10 மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பட்டணத்து வழக்கம். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து 3 மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாது என்கிறது. ஆயினும் வீட்டுக்காரர் கேட்பதைத்தான் கேட்கிறார். அந்த 3 மாதத்துக்கும் இவரிடம் பணமில்லை.

இவர் போன்றோருக்குக் கூட்டுறவு என்ன செய்யக்கூடும்? அடையாற்றில் காந்தி நகரை எழுப்பியது கூட்டுறவு வீடு கட்டும் சங்கமே. 1948-ஆம் ஆண்டையொட்டி அவ்வேலை தொடங்கிற்று. மாதச் சம்பளமும் பங்குத் தொகையும் உடையவர்க்கு அது வீட்டைக் கொடுத்தது. பலமுறை சிறை சென்று மீண்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்நகரில், சாதாரணச் சிறை மீண்டவர் ஓர் அறை வாடகைக்குக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது வேறு விஷயம். மனை வாங்கிக் கட்டும் வழி இவருக்கு உதவாது. உதவக்கூடியது அதனினும் பழைய வழி.

சர் பிரடெரிக் நிகல்சன் 1895 முதல் 1897 வரையில் சென்னை சர்க்காருக்குச் சமர்ப்பித்த அறிக்கையில் எடுத்துக்காட்டிய ரைபைசன் முறையின் சாரம், ஒருவரையொருவர் அறிந்த அயலார் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்பதாகும். சொத்தில்லாதவர்க்கு அயலாரின் அறிவே சொத்து. பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகளென்று பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் அநியாயம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீங்கிற்று. அச்சட்டம் நடந்த காலத்திலேயே, மதுரைப் பக்கத்தில் அதற்கு ஆளான குடும்பங்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் கொடுத்தன. பதிவேடு நம்பாதவரைச் சங்கம் நம்பலாம் என்பதற்கு அது அத்தாட்சி.

குடியிருப்பிலும் இம்முறை சோதிக்கப்பட்டிருக்கிறது. ஔந்து சமஸ்தானத்தில் 1939-இல், மாரிஸ் பிரீட்மன் என்னும் போலந்து நாட்டு இஞ்சினியரின் யோசனைப்படி, கைதிகள் குடும்பத்துடன் வாழ்ந்து பயிரிடும் சுதந்திரபுரம் என்ற குடியிருப்பு ஏற்பட்டது. ராஜஸ்தானத்தில் சாங்கானேரில் 1963-இல் தொடங்கிய திறந்தவெளிச் சிறையில் கைதிகள் மனைவி மக்களோடு வசித்து, பகலில் வெளியே சென்று சம்பாதித்துத் திரும்புகின்றனர். அவர்களே தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து அங்கே ஒழுங்கைக் கவனிக்கிறது. இவர்கள் இன்னும் தண்டனையிலிருப்பவர்கள் என்பது நினைவிருக்கட்டும். தண்டனை முடிந்தவரைத் தெருவில் சேர்க்கத் தயங்குவோர்க்கு இவ்விடங்கள் பதில் சொல்லும்.

ஆட்சேபங்கள் உண்டு, அவற்றை அலட்சியம் செய்யலாகாது. கொடுமைக்கு ஆளானவரோ அவர் உறவினரோ அதே தெருவில் இருப்பாராயின், மீண்டவர்க்கு அங்கே இடம் பார்த்தல் தகாது. அவர்கள் நிம்மதி முதலாவது. வேறு பேட்டையில் பார்க்க வேண்டும். குடும்பத்தையே துன்புறுத்திச் சிறை சென்றவராயின், மனைவியின் மனத்தைத் தனியே கேட்டறியாமல் அவர் வீட்டுக்கு அனுப்பலாகாது. சங்கப் பணம் முழுகிவிடுமோ என்ற பயத்துக்கு மருந்து, தொகையைச் சிறியதாக்கி ஜாமீனைப் பலர்மேல் பரப்புவது. துணை விதிகளில் தண்டனை பெற்றோரை அங்கத்தினராய்ச் சேர்ப்பது பற்றி நிபந்தனை இருக்கிறதா என்பதையும் பஞ்சாயத்தார் முன்னதாகப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தடையிருப்பின், அங்கத்தினரான மனைவியின் பேரில் கடனை வழங்கலாம்.

இன்னொன்று, பலர் தவறுமிடம். பொதுச் சபையில் அவரை நிற்கவைத்து, என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று கேட்பது விசாரணையன்று, இரண்டாம் தண்டனை. நீதிமன்றம் அதைக் கேட்டு முடித்துவிட்டது. சங்கம் கேட்க வேண்டியது வாடகை எவ்வளவு, கூலி எவ்வளவு, எந்த நாளில் கொடுப்பார் என்பவை. நன்னடத்தை அதிகாரியிடம் ஒருவர் போய்ப் பேசிவந்தால் மற்றவை தெரிந்துவிடும். இதை விடுதலைக்கு ஒரு மாதம் முன்னரே செய்தல் உத்தமம். வாயில் திறந்த பின் தேடத் தொடங்கினால் முதல் இரவு தெருவில் கழியும், பழைய சிநேகிதர்கள் முந்திக்கொள்வர்.

மேற்சொன்ன உதாரணத்தில், மயிலாப்பூரில் மூட்டை இறக்குவோரும் காய்கறி விற்போரும் சேர்ந்த சிக்கனக் கடன் சங்கம் ஒன்று இருப்பதாகக் கொண்டால், அதன் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டுவது இவ்வளவே: 'அங்கத்தினர் இன்னாரின் கணவருக்கு அறை வாடகை முன்பணம் 3 மாதத்துக்குக் கடனாக வழங்கப்படுகிறது. அங்கத்தினர் மூவர் சமபாகமாக ஜாமீன். வாரக் கூலி நாளில் தவணை வசூலிக்கப்படும். குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கும் மனுவைக் காரியதரிசி உடனிருந்து எழுதிக்கொடுப்பார். 6 மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கப்படும்.' சிறை என்ற சொல் அதில் வரவேண்டிய அவசியமில்லை.