நீர் வழியும் உலர்ந்த கண்

குளிர்காலம் வந்துவிட்டால் நம் அணுசக்தி நகரில் கண்ணைக் கசக்காத மாணவரைக் காண்பது அரிது. ஏன் என்று கேட்டால், "எல்லாம் மாகுல் புகை" என்று உடனே விடை வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒருபுறம் மாகுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். மறுபுறம் 1927 முதல் குப்பையைச் சுமந்த தேவனார் மேடு. 2016 சனவரி இறுதியில் அம்மேடு தீப்பற்றியபோது செம்பூர், கோவண்டி வட்டாரத்தைப் புகை மூடிற்று. அருகிலிருந்த மாநகராட்சிப் பள்ளிகளை அடைக்க வேண்டியதாயிற்று. புகையிலுள்ள கந்தக டையாக்சைடு கண்ணீரில் கரைந்து அமிலமாகிறது. கருவிழியின் மேற்படலமோ நரம்பு முனைகள் மிகச் செறிந்த இடம். எரியாமல் என் செய்யும்?

ஆயினும் சென்ற ஆண்டு என் கண்கள் இவ்விடைக்கு அடங்கவில்லை. புகைமூட்டம் மிகுந்த ஞாயிறன்று அவை அமைதியாக இருந்தன. வானம் தெளிந்த வேலை நாளிலோ, மாலை நான்கு மணிக்கு மணலை வாரி இறைத்தாற்போல் எரிந்தன, நீரும் வழிந்தது. "மெட்ராஸ் ஐ!" என்று அறைத்தோழர் தம் துண்டையும் வாளியையும் அகற்றிக்கொண்டார். (நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய நோய், நம்மை எங்கே விடும்!) ஆனால் காலையில் இமைகள் ஒட்டவில்லை, பீளையும் இல்லை.

மருந்துக்கடை ஒன்றில் கேட்டுச் சொட்டுமருந்து வாங்கினேன். மறுநாளே சிவப்பு மறைந்தது. மகிழ்ந்து மூன்று வாரம் விட்டேன். பின்னர்க் கண் மருத்துவரிடம் சென்றபோது, அவர் முதலில் பார்த்தது என் கண்ணை அன்று, புட்டியை. அது ஸ்டீராய்டு மருந்து. சிலருக்கு அது கண்ணின் உள்ளழுத்தத்தை ஏற்றும்; நெடுநாள் தொடர்ந்தால் பார்வை நரம்பே கெடலாம், கண்புரையும் வரலாம். எனக்கு அழுத்தம் சற்று ஏறியே இருந்தது. நிறுத்தியபின் இறங்கியது. வேதியியல் படிக்கும் நான் சீட்டைக்கூடப் படிக்காமல் கண்ணில் விட்டேன் என்பதை எழுத இன்னும் நாணுகிறேன்.

பிறகு அவர் மஞ்சள் சாயம் ஒரு துளி இட்டு, நீல ஒளியில் நோக்கி, இமைக்காமல் இருக்கச் சொன்னார். "நான்கு வினாடியில் உடைகிறது. உலர்ந்த கண்," என்றார். நீர் வழியும் கண் உலர்ந்த கண்ணா? எனக்கு நகைப்பு வந்தது.

கண்ணீர் வெறும் நீர் அன்று. விழியின்மேல் சில மைக்ரான் தடிப்பில் அது ஒரு படலமாகப் பரவியுள்ளது. அடியில் விழியோடு ஒட்டவைக்கும் கோழை. நடுவே உப்பும் புரதமும் கலந்த நீர். மேலே மெல்லிய நெய். அந்நெய்யை இமை விளிம்பிலுள்ள மைபோமியச் சுரப்பிகள் தருகின்றன. குழம்பின்மேல் எண்ணெய் மிதந்தால் ஆவி அடங்குவதுபோல, நெய் இருந்தால் நீர் விரைவில் ஆவியாகாது. நெய் குறைந்தால், அடுத்த இமைப்புக்கு முன்பே படலம் கிழியும். பத்து வினாடிக்குள் கிழிவது குறை. கிழிந்த இடத்தில் நரம்பு சுடும். உடனே பெரிய கண்ணீர்ச் சுரப்பி நீரைக் கொட்டும். அந்நீரில் நெய் இல்லை; ஆகவே கன்னத்தில் வழியுமேயன்றிக் கண்ணில் நிலைக்காது.

நெய்யைப் பிழிந்து பரப்புவது இமைப்பு. இயல்பாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறோம். கணிப்பொறித் திரையை உற்று நோக்கும்போது அது மூன்றில் ஒரு பங்காகவும் குறைவதுண்டு. அதிலும் பல அரைகுறை இமைப்பு. கடலோர மும்பையில் ஈரத்துக்குப் பஞ்சமா என்பீர்கள். நம் ஆய்வுக்கூடத்துக் குளிர்பதனக் காற்றில் அந்த ஈரம் இல்லை; என் நாற்காலியோ அக்காற்றின் வாய்க்கு நேரே கிடந்தது. ஞாயிறன்று நான் அங்கே இருப்பதில்லை!

நாற்காலியைத் திருப்பினேன். இரவில் பொறுக்கும் சூட்டில் நனைத்த துணியை மூடிய இமைமேல் பத்து நிமிடம் வைத்தேன். உறைந்த நெய் இளகும். திரையின் முன் இமைகளை முழுக்க மூடித் திறக்கப் பழகினேன். மருத்துவர் தந்தது செயற்கைக் கண்ணீர் மட்டும். ஒரு மாதத்தில் எரிச்சல் பெரும்பாலும் நீங்கியது.

கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் கண்டால் கூசுதல் இருந்தால் துணியும் வேண்டாம், காத்திருத்தலும் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் செல்க. கண்ணில் ஒட்டுவில்லை அணிவோர் முதலில் அதைக் கழற்றுக. ஆய்வுக்கூடத்தில் அமிலமோ காரமோ தெறித்தால், யாரையும் கேளாது அக்கணமே ஓடும் நீரில் கால்மணி நேரமேனும் கழுவிவிட்டுப் பிறகு புறப்படுக.