பழைய மோட்டார் வண்டிகளின் பிரேக்கும் உதிரிப் பாகங்களின் பொருத்தமும்

மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்னுமிடத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1950-களின் பிற்பகுதியில் உற்பத்தி செய்யத் தொடங்கிய அம்பாசடர் கார், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை மாதிரியாகக் கொண்டதாகும். 2014-இல் உற்பத்தி நின்ற வரையில் அதன் வெளித்தோற்றம் அதிகமாக மாறவில்லை. உட்புறமோ பலமுறை மாறிற்று. தொடக்கத்தில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன; 1990-களில் ஜப்பானிய அமைப்பான இசுசு எஞ்சின் வந்தது; பிற்கால வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கு அமைந்தது. உருவம் ஒன்றாயிருத்தலால் ஒரு தலைமுறை வண்டியின் பாகத்தை மற்றொன்றில் மாட்டிவிடலாம் என்னும் எண்ணம் பழுது பார்ப்போருக்கு எளிதில் எழுகிறது. கதவுப் பிடி, பம்பர் முதலியவற்றில் இதனால் கேடொன்றுமில்லை. பிரேக்கிலோ, மாட்ட முடிவது வேறு, பொருந்துவது வேறு.

மாஸ்டர் சிலிண்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். முக்கால் அங்குலத் துளையுள்ள சிலிண்டர் கிடைக்காதபோது, 7/8 அங்குலத் துளையுள்ளதை வைத்துவிடுகின்றனர். துளைகளின் வித்தியாசம் 1/8 அங்குலமே. ஆயினும் பிஸ்டனின் பரப்பு 0.44 சதுர அங்குலத்திலிருந்து 0.60 ஆக உயர்கிறது. அதே விசையுடன் மிதித்தால் திரவத்தில் உண்டாகும் அழுத்தம் கால் பங்குக்கும் சற்று மிகுதியாகக் குறைந்துவிடும். இதில் ஒரு விந்தை உண்டு. பெடல் முன்னைவிடக் குறைந்த தூரமே இறங்குவதால், "பிரேக்கு கெட்டியாயிற்று" என்று ஓட்டுநர் மகிழ்வார். உண்மையில் அது வலுக்குறைந்திருக்கிறது. பருமனில் வேறுபட்ட இரண்டு சிரிஞ்சுகளை நீர் நிரப்பிய ரப்பர்க் குழாயால் இணைத்து, இருபுறமும் மாணவர்களை அழுத்தச் செய்தால் இந்தத் தத்துவம் சொல்லாமலே விளங்கும்.

டிரம்மிற்குப் பதிலாக டிஸ்க்கை வைப்பதிலும் இத்தகைய சிக்கல் உண்டு. டிரம்மின் சுழற்சியே முன்னணி ஷூவை இழுத்து மேலும் இறுக்குகிறது. டிஸ்க்கில் இந்த உதவி இல்லை. எனவே அதற்கு மிகுந்த அழுத்தம் வேண்டும். பெரும்பாலும் செர்வோவும் வேண்டும். அன்றியும், டிரம்முக்குரிய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், காலை எடுத்த பின்னரும் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு உண்டு. அதை டிஸ்க்கோடு இணைத்தால் பேடுகள் விடாமல் உராய்ந்து காய்ந்துவிடும்.

எல்லாவற்றினும் அபாயமானது மரை. அங்குல அளவு வண்டிகளின் பிரேக் குழாய் நட்டுகளில் பெரும்பாலும் 3/8 அங்குல மரை, அதாவது 9.525 மில்லிமீட்டர் விட்டமும் அங்குலத்திற்கு 24 புரிகளும் கொண்டது. மெட்ரிக் வண்டிகளில் 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் புரியிடையும் கொண்டது வழக்கு. அங்குலப் புரியிடை 1.058 மில்லிமீட்டராதலால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றேபோல் தோன்றும். அங்குல நட்டு மெட்ரிக் துளையில் கையாலேயே ஏறிவிடும். ஸ்பானரால் இறுக்கினால் பிடித்துக்கொண்டதாகவும் தோன்றும். ஆனால் மரைகளின் நுனி மட்டுமே பற்றியிருக்கும். அவசரத்தில் பலமாக மிதிக்கையில் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழக்கூடும். பிடி வழுக்குவது அப்பொழுதுதான். மெதுவாக ஓட்டிச் செய்யும் சோதனையில் இக்குறை வெளிப்படாது.

குழாயின் விரித்த முனையைக் கொண்டு மரையைத் தீர்மானித்தலும் கூடாது. பிற்கால ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் முனை குமிழ் வடிவாயிருக்கும். ஜப்பானிய வண்டிகளிலோ, மரை மெட்ரிக்காயிருந்தும், பழைய அங்குல வண்டிகளைப் போன்றே இருமடிப்பு முனை காணப்படுகிறது.

இனித் திரவம். பிரான்சு நாட்டு சிட்ரோயன் டி.எஸ். கார் 1955-இல் வெளிவந்தது. 1966-இல் ஐரோப்பாவில் அதன் திரவத்தை மாற்றிப் பச்சை நிறக் கனிம எண்ணெயைப் புகுத்தினர். முந்திய வண்டியின் ரப்பர் வளையங்கள் கனிம எண்ணெயில் ஊதிக் கெடும்; பிந்தியவை பழைய திரவத்தைத் தாங்கா. ஆகையால் புதிய பாகங்களுக்குப் பச்சை வர்ணம் பூசி அடையாளமிட்டனர். போற்றத்தக்க முறை, எல்லா நிறுவனங்களும் இவ்வளவு அக்கறை காட்டவில்லை. சாதாரண கிளைக்கால் வகைத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்தில், புதியதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடாக இருத்தல் வேண்டும். ஈரமேறியதற்கு 140 டிகிரி போதும் என்பதே வரம்பு. டாட் 5 சிலிகோன் வகை. அது கிளைக்காலுடன் கலவாது. டாட் 5.1 என்பதோ, பெயரால் மயக்கினும், கிளைக்கால் வகையே.

சோதனைக்கு வரும் பழைய வண்டியில் மாற்றிய பாகங்கள் இருப்பின், ஒவ்வோர் இணைப்பின் மரையையும் மரை அளவியால் பார்த்தல் வேண்டும். பின்னர் வண்டியை நிறுத்தி, பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்திருந்து, அது இறங்குகிறதா, எங்கேனும் கசிகிறதா என்று நோக்குக. டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து நீக்கலாகாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். வேலை முடிந்ததும், நிரப்பிய திரவத்தின் வகையையும் மாற்றிய சிலிண்டரின் துளையளவையும் ஒரு தகட்டில் எழுதித் திரவத் தொட்டியின் அருகே கட்டிவைத்தால், அடுத்துத் திறப்பவர் ஊகிக்க நேராது.