வாரத் தவணையும் வருஷ மிளகும்

சேந்தமங்கலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுக்கு, பெரியம்மா எழுதுவது.

கொல்லிமலைச் செம்மேட்டில் உனக்கு வேலை கிடைத்த விஷயத்தை உன் அம்மா போனில் சொன்னாள். சிறுகடன் நிறுவனத்தில் கள அலுவலர், கையில் டேப்லெட், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற பெட்ரோல் காசு தனி. சந்தோஷம். “ஏழைகளுக்கு உதவுகிற வேலை” என்று நீ பெருமைப்பட்டதாகவும் சொன்னாள். அந்தப் பேச்சுக்காகத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் ‘சரி பெரியம்மா’ என்று வைத்துவிடுவாய்.

மகளிர் குழு வேலையாக நான் அந்த மலையில் நடந்த காலத்தில் நாமக்கல் தனி மாவட்டமே இல்லை, சேலத்தோடு இருந்தது. 1989இல் ஐ.நா.வின் வேளாண் நிதியமான ஐஃபாட் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் பிறகு எங்கள் பக்கமும் வந்தது. குழு சேர்ந்த முதல் ஆறு மாதம் வங்கிக் கடன் என்று வாயைத் திறக்கவே கூடாது. கூடி உட்கார வேண்டும், ஆளுக்கு இருபது ரூபாய் சேமிக்க வேண்டும், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே உள்கடனாகக் கொடுத்து வாங்கிப் பழக வேண்டும். அப்போது எனக்கே அது சலிப்பாக இருந்தது. கையெழுத்துக் கற்றுக்கொள்ளவே சிலருக்கு அந்த ஆறு மாதமும் போயிற்று.

உனக்கு ஒரு கணக்கு. 10,000 ரூபாய் கடன், வருஷத்துக்கு முழு அசலுக்கும் 12 சதவீதம் ‘ஃபிளாட்’ வட்டி, 50 வாரத் தவணை என்று வைத்துக்கொள். வட்டி 1,200, தவணை வாரம் 224 ரூபாய். கேட்க ‘ஒரு வட்டி’ (மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்) மாதிரி இருக்கும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசல் திரும்பிப் போகிறது. வருஷம் முழுக்கப் பார்த்தால் கடன் வாங்கியவள் கையில் சராசரியாக நிற்பது 5,000 சொச்சம்தான். அதற்கு 1,200 என்றால் ஏறக்குறைய ரெண்டு வட்டி. எங்கள் குழுக்களிலும் உள்கடனுக்கு ரெண்டு வட்டிதான் வைத்தோம், ஆனால் மீதி அசலுக்கு. அந்த வட்டியும் குழுவின் பெட்டியிலேயே விழுந்தது. தன் வட்டியில் தனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தவள் தவணைக்கு ஆள் அனுப்பும்வரை காத்திருக்க மாட்டாள்.

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, எல்லாச் செலவையும் சேர்த்த வருஷ வட்டியை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். நீ அதை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு நகராதே. சத்தமாகப் படித்துக் காட்டு.

வட்டியைவிட என்னை உறுத்துவது வாரம்தான். 1976இல் வங்கதேசத்து ஜோப்ரா கிராமத்தில், பின்னாளில் கிராமீன் வங்கியைத் தொடங்கிய யூனுஸ் 42 பேருக்குத் தன் கைப்பணம் 27 டாலர் கொடுத்தார். அங்கே மூங்கில் முக்காலி செய்பவர்கள் அன்றாடம் விற்றுக் காசு பார்த்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும், இட்லிக் கடைக்கும், பூ விற்பவளுக்கும் வாரத் தவணை பொருந்தும். கொல்லிமலையில் மரவள்ளி விளையப் பத்துப் பன்னிரண்டு மாதம். மிளகு வருஷத்துக்கு ஒரு பறிப்பு. நடுவில் வாரம் 224 ரூபாய் எங்கிருந்து வரும்? கடன் வாங்கியவள் கூலிக்குப் போவாள், அல்லது இன்னொரு கம்பெனியில் வாங்கி உனக்குக் கட்டுவாள். 2010இல் ஆந்திரத்தில் இப்படிக் கடன்மேல் கடன் ஏறி, அரசு அவசரச் சட்டம் போடும் அளவுக்குப் போனதைப் படித்துப் பார். இன்னொன்று, மரவள்ளியைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். விலை பேசி நிற்க முடியாது. கீழே சேகோ ஆலைக்காரர் சொல்வதுதான் விலை. அந்த விலை சரிந்த வருஷத்தில் உன் டேப்லெட்டில் சிவப்பாக வரும் பெயர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதே.

என் தப்பையும் சொல்கிறேன். ஒரு குழுவுக்கு வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்து, கலப்பினக் கறவை மாடு பிடிக்க வைத்தேன். மாடு நல்ல மாடு, பாலும் கறந்தது. ஆனால் அந்த ஊருக்குப் பால் வண்டி வராது. நடந்து கொண்டுபோய் ஊற்றுவதற்குள் திரிந்துவிடும். நான்கு மாதத்தில் ஒவ்வொன்றாக விற்றார்கள். கடனை மிளகு விற்றுத்தான் அடைத்தார்கள். ‘100 சதவீத வசூல்’ என்று எனக்குப் பாராட்டுத் தாள் வேறு! அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், கிழிக்க மனசில்லை.

அதே மலையில் பொருந்தி வந்ததையும் பார்த்திருக்கிறேன். சாமையும் தினையும் போட்ட காடுகள் மரவள்ளிக்கு மாறியதற்கு விலை மட்டும் காரணமில்லை. சாமையை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்கப் பெண்களின் தோள் விட்டுப்போகும். ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் உழைப்பு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வந்து, உமி நீக்கும் சிறிய இயந்திரங்களைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. முதலில் மிச்சமானது நேரம். பிறகு சாமை அரிசி, தினை மாவு என்று கட்டி மலைக்குக் கீழேயும் விற்றார்கள். கூடவே விதை வங்கி. கட்டவெட்டிச்சாமை, திருகுலசாமை என்று பாட்டிகள் தொம்பையில் காத்துவைத்த ரகங்களை, விதைப்பில் வாங்கி அறுப்பில் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தருவார்கள். அதுவும் கடன்தான், வட்டியும் உண்டு. ஆனால் விளைச்சல் வீட்டுக்கு வந்த பிறகுதான் தவணை. உன் மேலாளரிடம் மிளகுப் பறிப்பை ஒட்டிய தவணை கேட்டுப் பார். முடியாது என்பார். இன்னொரு தரமும் கேள்.

வசூலுக்கு விதி இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. பேசி வைத்த பொது இடத்தில்தான் வாங்க வேண்டும், அடுத்தடுத்து இருமுறை வராவிட்டால்தான் வீட்டுக்குப் போகலாம். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல், எல்லாக் கடனையும் சேர்த்து, தவணை போகக் கூடாது. அந்தப் பாதியைக் கணக்குப் பார்க்கும்போது மிளகு விற்ற மாதத்தை மட்டும் பார்க்காதே. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருத்தி கட்டாததற்கு மற்ற நால்வரைத் திண்ணையில் உட்கார வைக்கிற பழக்கத்தையும் யார் சொன்னாலும் கற்றுக்கொள்ளாதே. நீ இறங்கிப் போன பிறகும் அவர்கள் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டியவர்கள்.

முடிந்தால் வாரத்தில் இரண்டு இரவு மேலேயே தங்கு. சமயப் பணிக்கு வந்து மருத்துவமும் பார்த்த ஜெஸ்ஸி பிராண்ட் அங்கேயே காய்ச்சலில் 1929இல் இறந்தார். அவர் மனைவி ஈவ்லின் வயதான காலத்திலும் மலையை விடவில்லை. உன்னை அவ்வளவு தூரம் சொல்லவில்லை, உன் அம்மா என்னைத் தொலைத்துவிடுவாள். ஆனால் சாயங்காலம் அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் இருந்து பார்த்தால்தான் எந்த வீட்டில் ரேஷன் அரிசி தீர்ந்தது என்று தெரியும்.

சோளக்காட்டுச் சந்தைக்குப் போனால் எனக்கு இரண்டு கிலோ சாமை அரிசி வாங்கி வா, காசு தருகிறேன். அங்கே என் பழைய குழுவிலிருந்து யாராவது அடையாளம் கண்டுபிடித்துப் பேசினால் பெரியம்மா விசாரித்ததாகச் சொல். மாட்டைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதே.

அன்புடன்,
பெரியம்மா