மலையடிவாரத்துப் பால்மரக்காடு

சிரம்பானிலிருந்து கோலா பிலா செல்லும் சாலையில், பாரோயைக் கடந்ததும் நிலம் மெல்ல மெல்ல உயரும். அதற்கப்பால் புக்கிட் புத்துஸ் மலைவழியும் 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலையும் உள்ளன. இன்று பாரோய் என்றாலே துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கமும் வீடமைப்புப் பகுதிகளும்தாம் நினைவுக்கு வரும். முன்பு சிரம்பான் வட்டாரத்து மேடுகளிலும் சரிவுகளிலும் இரப்பர் மரங்களே அடர்ந்து நின்றன. அவற்றை நம்பியே தோட்டத்துத் தமிழர்கள் வாழ்ந்தனர்.

அவர்களின் நாள் இருட்டிலேயே தொடங்கியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவர். பெயர் கொடுத்தபின், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குப் புறப்படுவர். இவ்வளவு அவசரம் எதற்கு? குளிர்ந்த வேளையில் மரப்பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். ஒருவர் ஒரு காலையில் ஏறக்குறைய 400 முதல் 600 மரங்கள் வரை சீவ வேண்டும்.

சீவுவது எளிய வேலையன்று. உளியால் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. சற்றே மிகுந்தால் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் சீவ முடியாமல் போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எனப்பட்ட பலரின் விரல்களில் இந்த நுட்பம் இருந்தது.

பால் மங்கில் நிறைந்ததும் அதை வாளிகளில் சேர்ப்பர். காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பர். சமநிலத்தில் இது பழகிவிடும். மலைச்சரிவிலோ ஈரமண்ணில் கால் வழுக்கினால் அன்றைய உழைப்பு முழுவதும் மண்ணோடு போயிற்று! நிறுவை நிலையத்தில் கிராணி பாலை அளப்பார். அதிலுள்ள நீரை நீக்கி, காய்ந்த இரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிடுவார். மறுநாள் கிடைக்கும் கட்டிப்பாலும் கணக்கில் சேரும்.

இந்தப் பொருளாதாரத்தின் பெரும்பகை மழை. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழியும். மங்கிலுள்ள பாலும் நீரோடு கலந்துவிடும். எனவே மழை நாளில் மரம் சீவுவதில்லை. வேலையில்லையெனில் கூலியும் குறையும். மரங்கள் இலையுதிர்க்கும் பருவத்திலும் பால் சுருங்கும். அந்த மாதங்களில் மளிகைக் கடையின் கடன் புத்தகமே குடும்பத்தைத் தாங்கியது. கணவன் மனைவி இருவரும் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்பதால், கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர்.

லயத்து வீடு, பள்ளி, கோயில், கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. இது வசதிதான், ஆபத்தும் இதுதான். வேலை இருக்கும்வரைதான் வீடு. 1950களின் இறுதியில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். இத்துண்டாடலால் வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோயின. அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, ஆளுக்கு 10 வெள்ளி போட்டுச் சேரும்படி தொழிலாளர்களிடம் கேட்டார். கூலிக்கு மரம் சீவியவர்கள் அச்சங்கத்தின் வழி தோட்டங்களுக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள்.

ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் வாங்க இயலவில்லை. பிற்காலத்தில் பல இடங்களில் இரப்பருக்குப் பதிலாகச் செம்பனை வந்தது. அதற்கு அவ்வளவு ஆட்கள் தேவைப்படவில்லை. நகரம் விரிய விரிய, எஞ்சிய நிலங்களும் வீட்டுமனைகளாயின. லயத்தை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகளில் பலர் செனாவாங் போன்ற தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். அங்கே மழை பெய்தாலும் சம்பளம் உண்டு. ஆனால், தோட்டத்தில் கொடுத்தறியாத வீட்டு வாடகை மாதந்தோறும் வாசலில் வந்து நின்றது.