கொல்கத்தா: எதைத் திட்டமிடலாம், எதை விட்டுவிடலாம்

ரயில் டிக்கெட்டையும் அறையையும் முன்பதிவு செய்துவிடுங்கள். அறை மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் இருந்தால் போதும்.

அடுத்து, பூட்டு விழும் இடங்களை மட்டும் தாளில் எழுதிக் கிழமை குறியுங்கள். விக்டோரியா நினைவு மண்டபத்தின் காட்சிக்கூடங்களுக்கும் இந்திய அருங்காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை. காலேஜ் ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான புத்தகக் கடைகள் ஞாயிறன்று திறப்பதில்லை. சனி, ஞாயிறோடு திங்களும் லீவு போட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரு நாளைக்கு இப்படி ஓர் இடம், அவ்வளவுதான். இரண்டாவதைச் சேர்த்தால் அன்றைய பொழுது வரிசையிலும் டாக்சியிலும் போய்விடும்.

டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சென்னைப் பழக்கத்தில் நாலு மணிக்குக் கிளம்பாதீர்கள். விடியும்போதே ஹவுரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தையில் இருங்கள். மலைப்பாம்பு கனத்துக்குச் செண்டுமல்லிச் சரங்களைத் தோளில் சுமந்தபடி ஆட்கள் வேகமாக வருவார்கள். ஓரமாக நின்று வழிவிடுங்கள்.

இனி, பலரும் சொதப்புகிற இடத்துக்கு வருவோம். மனம்போல் சுற்றுவது என்று கிளம்புவார்கள். ஒரு மணி நேரத்தில் கால் வலிக்கும், திசை தெரியாது, போனை எடுத்துக் கார் கூப்பிட்டு அறைக்குத் திரும்பிவிடுவார்கள். தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நடுவில் உள்ளதைத்தான் கால்போக்கில் விட வேண்டும். வடகொல்கத்தா இதற்கென்றே அமைந்த பகுதி. கிழக்கே மெட்ரோ, மேற்கே ஹூக்ளி ஆறு. ஷோபாபஜார் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடந்தால் எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் ஆற்றங்கரைதான். வழியில் சிலை செய்பவர்களின் குமார்துலி. வைக்கோலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி உருவம் செய்து, அதன்மேல் களிமண் அப்பிக்கொண்டிருப்பார்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். திரும்பும்போது படித்துறையிலிருந்து படகில் ஹவுராவுக்கு வந்துவிடலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே விசாரித்து வையுங்கள். அதுவரை மேப் பைக்குள் இருக்கட்டும்.

இன்னொன்றையும் காலையிலேயே பேசி முடியுங்கள்: நேரம் போதாவிட்டால் எதை விடுவது? ஒரு சிற்பியின் கொட்டகையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டீர்கள் என்றால் வேறொன்றை விட்டே ஆக வேண்டும். எதை என்று அந்த நேரத்தில் நடுத்தெருவில் நின்று பேசினால் சண்டைதான் வரும், குடும்பத்தோடு போனால் நிச்சயம். நானாக இருந்தால் கடைவீதியை விடுவேன். புடவை எந்த ஊரிலும் வாங்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டல் தேடி அலையாதீர்கள். பசிக்கிற இடத்தில் கூட்டமாக இருக்கும் கடையில் உட்காருங்கள்.

துர்கா பூஜை நாட்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது சாலைகளில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், இரவு முழுக்க ஊரே பந்தல் பார்க்கக் கிளம்பும். முதல் தடவை போகிறவர்கள் அதற்கு முந்தைய வாரங்களில் போங்கள். குமார்துலியில் சிலைகளுக்கு வண்ணம் தீட்டுவதைப் பார்க்கலாம்.