கண்டிப்பும் பணிவும்

கேள்வி: ஊழியர் பேச்சைக் கேட்டு நடக்கும் தலைவரால் நெருக்கடியில் கண்டிப்பாக இருக்க முடியுமா? – வாசகர், மாத்தளை

பதில்: முடியும். உங்கள் அலுவிகாரையையே பாருங்கள். கொழும்பில் பத்திக் தொழிலால் பெயர்பெற்ற எனா த சில்வா, 1980களில் தம் பூர்வீக ஊரான அலுவிகாரைக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக், தையல் வேலை தரும் மையத்தை வளர்த்தார். துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக்கில் மெழுகு விலகினால் சாயம் ஊறிவிடும். துணியைப் பழையபடி மீட்பது கடினம். பிழையை முதலில் காண்பவர் மெழுகு இடுபவரே. அவர் பயந்து வாய் மூடினால் நட்டம் நிறுவனத்துக்குத்தான். எனவே செவிகொடுப்பது தரத்தைக் காக்கும் வழி. 'எல்லாரையும் கேட்டால் முடிவு தாமதமாகுமே' என்பீர்கள். உண்மைதான், ஆனால் கேட்பது வேறு, முடிவைக் கைமாற்றுவது வேறு. 1970இல், பிறருக்குப் பணிசெய்யும் தலைமை பற்றி எழுதிய அமெரிக்கர் ராபர்ட் கிரீன்லீஃப், அப்பணியைப் பெற்றவர் மனிதராக வளர்ந்தாரா என்பதையே அளவுகோலாக்கினார். அப்படிப் பார்த்தால், வேலையில் அசட்டையாக இருப்பவரைக் கண்டிக்காமல் விட்டால் அவரும் வளரமாட்டார், அவர் சுமையைத் தூக்கும் சக ஊழியரும் சோர்ந்துபோவார்.